ஐந்நூறு டிகிரிக் கோழி

உலகம் சூடாகி வருவதாக அறிஞர்கள் கூடிக் கூடிக் கவலைப்படும் இந்நாளில், கந்தப்பளைக்கு மேலே, எந்நேரமும் குளிரில் விறைத்துக் கிடக்கும் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து அதைவிடப் பாரதூரமான செய்தி ஒன்று வெளியாயிற்று. பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி வீட்டு ஓவன் அளவுக்கு மீறிச் சூடாகிறது.

அது லேசுப்பட்ட ஓவன் அல்ல. கட்டாரிலிருந்து மகன் ஜீவராஜ் அனுப்பியது. உள்ளே படியும் எண்ணெய்ப் பிசுக்கையெல்லாம் தானே எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்.

அது வந்திறங்கிய அன்றே கணேசமூர்த்தி மனைவி நாகலெட்சுமிக்கு உத்தரவு போட்டார். "இனிமே இந்த வீட்டுல வெறகு, பொகைங்கிற பேச்சே இருக்கப்படாது. அடுப்ப ஒடச்சி எறி!"

"சரிங்க" என்றார் நாகலெட்சுமி.

போட்ட உத்தரவு நடந்ததா என்று போய்ப் பார்க்கும் பழக்கம் ஆபீசிலேயே அவருக்குக் கிடையாது. சமைக்கிற குசினிக்கா போவார்?

தீபாவளிக்கு வந்த, தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை அந்த வீட்டுக் கோழியைச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சூப்பினார். "கிளாக்கர், லேசா ஒரு பொகை வாசம் வருதே, பிரமாதம்!"

"அதுக்கு ஓவன்ல தனியா ஒரு பட்டன் இருக்குங்க தொரை" என்று கணேசமூர்த்தி கூசாமல் சொன்னார்.

அதே கோழியைத் தின்ன, இந்த ஞாயிறு மதியம் தொரை மறுபடி வருகிறார். மாதக் கடைசியில் கணேசமூர்த்திக்கு ஓய்வு. இன்னும் இரண்டு வருடம் அந்தக் கதிரையில் உட்காருவதா, குவாட்டர்சைக் காலி பண்ணிக்கொண்டு இறங்குவதா என்பதைத் தொரையின் வயிறுதான் தீர்மானிக்க வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் ஓவன் கொதித்துப்போய், 'பீப் பீப்' என்று கத்தி, பாதியில் அணைந்துவிடுகிறது.

ஞாயிறு காலை, நுவரெலியாவிலிருந்து மெக்கானிக் ஸஜ்ஜாத் மூன்றாவது முறையாக வந்தார்.

"செத்த இருக்கச் சொல்லுங்க. குசினிய ஒதுக்கிட்டுக் கூப்புடுறேன்" என்று நாகலெட்சுமி வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தடால் புடாலென்று சத்தம் கேட்டது.

"சுத்தம்னா அவளுக்கு உசிரு" என்றார் கணேசமூர்த்தி, பெருமையாக.

ஸஜ்ஜாத் சென்சரைச் சோதித்தார். கதவு சரியாக மூடுகிறதா, உள்ளே காற்றாடி சுற்றுகிறதா என்று பார்த்தார். பின்பக்கத்துக் காற்றுத் துவாரங்களில் கையை வைத்துப் பார்த்தார். ஓவனை நெடுநேரம் ஓடவிட்டார். அது சாதுவாக ஓடியது.

"வாங்கின அன்னைக்கு எப்புடியோ, அப்புடியே ஈக்குது ஐயா. உள்ளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. மிஸ், எந்தப் பட்டன்ல போடுறீங்க?"

"தானா கழுவுற பட்டன்லதான். தெனமும்."

"தெனமுமா! அது ஐந்நூறு டிகிரிக்குப் போய் மணிக்கணக்கா எரியுமே. மாசத்துக்கு ஒருக்காப் போதும் மிஸ்."

"மழக் காலம் பாருங்க" என்றார் நாகலெட்சுமி.

கணேசமூர்த்தி குறுக்கே பாய்ந்தார். "கோளாறக் கண்டுபுடிக்க முடியலன்னா எங்க சுத்தத்துல கொற சொல்லப்படாது. இதெல்லாம் கம்பியூட்டர் சாமான். ஒங்க திருப்புளிக்குப் புரியாது!"

"நான் வந்தா நல்லா ஓடுது, போனாக் கத்துது" என்றார் ஸஜ்ஜாத், பையைத் தூக்கிக்கொண்டே. "மெசின்ல ஒண்ணுமில்ல ஐயா. என்னயக் காணாம ஏங்குது போல."

அவர் போனதும் கணேசமூர்த்தி கோட்டை மாட்டி, டையை இறுக்கி, வாசலில் நின்று "வாங்க தொரை, வாங்க" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் தரம் வாயைத் திறந்தபோது குசினியிலிருந்து பதில் வந்தது.

பீப் பீப்.

கூடவே கீழ் வளைவில் தொரையின் ஜீப் ஹார்ன் அடித்தது. தன்னுடைய இரண்டு வருட வேலை நீடிப்பு ஓவனுக்குள் காலைத் தூக்கிக்கொண்டு பச்சையாகக் கிடப்பது கணேசமூர்த்தியின் மனக்கண்ணில் தெரிந்தது.

"கிளாக்கர் ஐயா! ஓடி வாங்க!"

ஸஜ்ஜாத்தின் குரல். மறந்து வைத்துவிட்டுப் போன மீட்டரை எடுக்க, பாதி வழியிலிருந்து திரும்பி, இந்த முறை பின்வாசல் வழியாக வந்திருந்தார். கணேசமூர்த்தி கௌரவத்தை வாசலிலேயே போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடினார்.

ஓவனைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு கோட்டை எழும்பியிருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளும் ஈரக் கட்டைகளும் பின்னால், பக்கத்தில், மேலே கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றிலிருந்தும் ஆவி கிளம்பியது. 'பீப் பீப்' அதன் நடுவிலிருந்து, மூச்சுத் திணறி வந்தது.

"காத்துப் போற ஓட்டையெல்லாம் வெறகால அடச்சி வச்சா, அது கொதிக்காம என்ன செய்யும்?" என்றார் ஸஜ்ஜாத்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. "கிளாக்கர்!" என்று தொரையின் குரல் கேட்டது.

"வெறகு கெடக்கட்டும்!" கணேசமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "அடியே நாகு, உள்ள கோழி வெந்துச்சா, இல்லியா?"

நாகலெட்சுமி மேலேயிருந்து ஒரு கட்டையை உருவி, கையால் தடவிப் பார்த்தார்.

"கோழி பொறத்தால அடுப்புல அப்பவே வெந்துருச்சுங்க. வெறகுதான் இன்னும் காயல."