மஞ்சள் தொப்பி

நிறைமதிக்குக் கரு கலைந்த மூன்றாம் நாளே கருக்காப்புத் துறை அதிகாரி வீட்டுக்கு வந்துவிட்டார். தானாகக் கலைந்ததா, கலைத்ததா என்று சட்டத்துக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் அழுகை போதாதாம், சாட்சி வேண்டுமாம்.

“ஆசைப்பட்ட குழந்தைன்னா ஏதாவது வாங்கி வெச்சிருப்பீங்களே?”

மருமகளின் கையை விடாமல் பிடித்திருந்த கனகவல்லி குறுக்கிட்டாள். “பொறக்குறதுக்கு முன்னாடி எதுவும் வாங்கக் கூடாதுங்க. வாங்கினா தங்காது.”

“அப்ப கேஸ் போட்டுத்தான் ஆகணும்.”

நிறைமதி எழுந்துபோய், புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த குட்டி மஞ்சள் தொப்பியை எடுத்து வந்தாள். அதிகாரி அதைப் படம் பிடித்துக்கொண்டார். வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனகவல்லி தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, நீதான்டி அதக் கொன்னுருக்க,” என்றாள்.