தலைக்கணக்கு

"மேடம், கார் நிறுத்தியிருக்கிற வயல் சேறாயிட்டு வருது. இப்பவே எடுத்துட்டா தப்பிச்சீங்க. இல்லேன்னா நாளைக்கு டிராக்டர் வச்சுத்தான் இழுக்கணும்."

மஞ்சள் சட்டைக்காரன் குனிந்து காதோடு சொன்னதும், குடைக்கடியில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த திருமதி ஹெப்டன் பதறிப்போனார். "ஐயையோ, சாவி எங்க வீட்டுக்காரர்கிட்டல்ல இருக்கு!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

எந்தப் பக்கம் ஓடினார் என்றுகூட அவன் பார்க்கவில்லை. அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டான்.

வயலில் சேறும் இல்லை, சகதியும் இல்லை. அவன் கார்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் இல்லை. அந்த மஞ்சள் சட்டைக்குள் வெல்வெட் உடுப்பும் பைக்குள் ஒட்டுத் தாடியுமாகத் திரிந்த அந்த மனிதன், அன்று அங்கே திறந்தவெளியில் நடந்துகொண்டிருந்த நாடகத்தின் கதாநாயகன் லயனல். இங்கிலாந்தில், வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவர்கள் போடும் பளிச்சென்ற மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு எதைச் சொன்னாலும் ஜனங்கள் கேள்வி கேட்பதில்லை.

லயனல் வீடு விற்றுக் கொடுக்கும் தரகன். ஒழுகுகிற கூரையைக் காட்டி, "காத்தோட்டமான வீடு சார்" என்று சொல்லக்கூடிய வாய். அந்த வாய்தான் இப்போது அவனை மாட்டிவிட்டிருந்தது. "வசனம் எடுத்துக் கொடுக்க எனக்கு ஆள் எதுக்கு?" என்று ஜம்பம் அடித்து, புதருக்குப் பின்னால் புத்தகத்தோடு உட்காருகிற அம்மாளை அவனே வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

நானூறு வருஷத்துப் பழைய காதல் கூத்து. மொத்தம் ஐந்து அங்கம். லயனலுக்கு நாலு அங்கம் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவதில் ஒரு வரிகூடத் தெரியாது. வியாழனும் வெள்ளியும் வருண பகவானே பார்த்து, நாலாவது அங்கத்தோடு கொட்டித் தீர்த்துக் காப்பாற்றினார். இன்று சனிக்கிழமை, கடைசி நாள் பார்த்து வெறும் தூறல். நாலாவது அங்கமும் முடிந்து இடைவேளை விட்டாயிற்று; இனி ஊரே பார்க்க வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

ஆனால் வெல்பரி நாடகக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. இடைவேளை முடிகிறபோது தலை எண்ணுவார்கள். பார்ப்பவர்கள் நடிப்பவர்களைவிடக் குறைந்துபோனால் ஆட்டம் அத்தோடு சரி. மேடையேறுகிறவர்கள் பதினாலு பேர். பாதிரியார் தோட்டத்துப் புல்வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் இருபத்தேழு. "நானே எண்ணிட்டு வர்றேன்" என்று அவன் வலியப் போய்க் கேட்டு வாங்கிய வேலை இது.

"சார், வயல் சேறாகுது..."

"நான் சைக்கிள்ல வந்தேன் தம்பி" என்றார் குடை பிடித்திருந்த ஒரு பெரியவர்.

"மழை வேற வலுக்குது பாருங்க."

"இதெல்லாம் ஒரு மழையா? எனக்கு அஞ்சாவது அங்கம்தான் பிடிக்கும். அதுல அந்த ஹீரோ பொளந்து கட்டுவான் பாரு!"

லயனல் அடுத்த வரிசைக்கு நகர்ந்தான். அங்கே பாச்சா பலித்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள், நாற்காலியை மடித்தார்கள், பிளாஸ்கை மூடினார்கள், "ரொம்ப நன்றிப்பா, நல்லவேளை சொன்னே" என்று அவன் கையைக் குலுக்கிவிட்டும் போனார்கள். பாவமாகத்தான் இருந்தது. தன் மானத்தை நினைத்துப் பார்த்து, அந்தப் பாவத்தைப் பொறுத்துக்கொண்டான்.

கடைசியில் எண்ணினான். இன்னொரு தரமும் எண்ணினான். பதினொன்று!

மஞ்சள் சட்டையை வேலிக்குப் பின்னால் வீசிவிட்டு, தாடியை ஒட்டி, முகத்தையும் சோகமாக்கிக்கொண்டு ஒப்பனைக் கூடாரத்துக்குள் நுழைந்தான். இயக்குநர் மியூரியல் ஒரு ராஜ உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குழுவில் எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"பதினோரு பேர்தான் மிச்சம், மியூரியல். நாம பதினாலு. எனக்கும் மனசு கேக்கல, ஆனா விதின்னா விதிதானே?"

"விதின்னா விதிதான்" என்றார் அவர்.

லயனலுக்கு உயிர் வந்தது. பொத்தானைக் கழற்றப் போனவன், அப்போதுதான் கவனித்தான். கூடாரம் என்னவோ விசாலமாக இருந்தது. நாற்காலிகளில் ஆளில்லாமல் உடுப்புகள் கிடந்தன.

"ஹெப்டன் எங்க?"

"அவன் பொண்டாட்டி வந்து கையோட இழுத்துட்டுப் போயிட்டா. கார் சேத்துல மாட்டிக்குமாம், எவனோ சொன்னானாம். ராய்ஸ்டனை அவன் அம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் மூணு பேருக்கும் இதே கதைதான். நம்ம நாடகத்தைப் பாக்க நடிக்கிறவன் வீட்டு ஆளுங்களை விட்டா வேற யாரு வர்றா?"

மியூரியல் மடித்த உடுப்பைப் பெட்டியில் வைத்துவிட்டு, அடுத்த அங்கத்துக்கான மணியைக் கையில் எடுத்தார்.

"நாம இப்ப ஒம்பது பேர்தான், லயனல்."