ஒரு பிடி குறைவு

ரோசம்மாள் எனக்குத் தர வேண்டியது அரைப்படி அரிசி.

அதை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நிற்கிறாள். தெருமுனையில் அவள் தம்பி ஜோசப் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கிறான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவனுக்கு ஃபேக்டரி வேலை கிடைத்திருக்கிறது. அக்காவையும் கூட்டிப் போகிறான்.

எங்களுடையது அடுத்தடுத்த வீடு. அவளுக்குப் புருஷன் இல்லை, எனக்குப் பெண்டாட்டி இல்லை. நடுவில் இந்த அரைப்படிதான் போய் வந்துகொண்டிருந்தது.

வாரக் கடைசியில் அவள் வீட்டில் அரிசி தீர்ந்துவிடும். நான் படியில் அளந்து கொடுப்பேன். அவள் கடையில் கிலோவில் வாங்கித் திருப்புவாள். அரைப்படிக்கு முக்கால் கிலோ என்பது கடைக்காரர் சொன்ன கணக்கு.

ஆனால் என் அரைப்படியில் கொட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி குறையும்.

ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கூட்டப் பழகிய புதிதில் கடைச் சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்தேன். முக்கால் கிலோ என்றுதான் இருந்தது. கடைக்காரரோ, புழுங்கலுக்கு ஒரு கணக்கு, பச்சரிசிக்கு ஒரு கணக்கு என்று கையை விரித்தார். சரி, படி கிலோவாக மாறும் வழியில் ஒரு பிடி எங்கேயோ சிந்திவிடுகிறது என்று இருந்துவிட்டேன்.

“ஒரு பிடி பாக்கி, ரோசம்மா” என்பேன்.

“அடுத்த தபா சேத்துத் தரன்” என்பாள். அடுத்த தபாவும் குறையும்.

அந்தக் குறை எனக்கு வேண்டியிருந்தது. பாக்கி வைத்தவள் மறுபடி வந்துதானே ஆக வேண்டும்.

இன்று முந்தானையை அவிழ்த்துப் படியில் கொட்டினாள். அரிசி விளிம்பு வரை வந்து நின்றது.

படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். அரிசி கொஞ்சம் இறங்கியது.

“இன்னாங்க இது, தங்கம் நிறுக்கற மாதிரி!” சிரித்துக்கொண்டே முந்தானையில் ஒட்டியிருந்ததையும் உதறினாள். படி மறுபடி நிறைந்துவிட்டது.

“இன்னிக்கி மட்டும் எப்டி சரியா வந்துச்சி?”

அவள் என் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

“ஒல வெக்கசொல்ல கோயிலுக்கு ஒரு பிடி எடுத்து வெக்கணும். உங்க ஊட்ல அதுக்குப் பொம்பள இல்ல. நீங்களும் கோயில் பக்கமே வர்றதில்ல. அதான், உங்களுக்குத் தர்ற அரிசில ஒரு பிடி எடுத்து, உங்க பேரச் சொல்லி எங்கூட்டு டப்பாவுல போட்டுக்கினு இருந்தன். இனிமே நீங்களே எடுத்து வெய்யுங்க.”

ஜோசப் குரல் கொடுத்தான்.

போகாதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு பிடியாவது குறைந்திருந்தால் அதைச் சாக்காக வைத்துச் சொல்லியிருப்பேன். கணக்குத் தீர்ந்திருந்தது.

வண்டி கிளம்பும் சத்தம் அடங்கியதும் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்தேன். இரும்பு தூக்கிப் பழகிய கை, அதிகமாக அள்ளிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் படியில் திருப்பி உதிர்த்தேன், அவள் கையில் அடங்கும் அளவு வரும்வரை.

டப்பாவில் போடும்போது பேர் சொல்ல வேண்டும்.

அவள் பேரைச் சொன்னேன்.