நாற்பத்தொரு பார்வை

பொற்கொடியின் பலகாரக் கடையில் இருந்த செல்போன் காலையிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டது முறுக்கு அச்சு.

"அக்காவோட சொந்த ஃபேஸ்புக் கணக்குல ஐயாயிரம் பேருக்கு மேல சேர்க்க முடியாதாம். அதனால நேத்து கடைக்குன்னு தனிப் பக்கம் ஆரம்பிச்சோம். அதுக்கு வரம்பே கிடையாது. ஊரே திரண்டு வரும்னு, நீ முறுக்கு பிழியிறதை வீடியோ எடுத்துப் போட்டேன். வந்தது ஒரே ஒரு ஆள். அழிச்சிடலாம்னு இருக்கேன்."

"ஒருத்தராவது பார்த்தாரே!"

"ஆள் ஒண்ணுதான். பார்வை மட்டும் நாற்பத்தொண்ணுன்னு காட்டுது."

அச்சுக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஒரே ஆளா? நாற்பத்தொரு தடவையா? யாருடா அது?"

"பேரெல்லாம் சொல்லாது. எண்ணிக்கை மட்டும்தான்."

இருபது வருஷமாகக் கடைக்கு வருகிறவர்கள் முறுக்கைப் பார்த்தார்கள், தராசைப் பார்த்தார்கள். அச்சை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"அழிக்காதடா," என்றது அச்சு மெதுவாக. "நாளைக்குப் பிழியும்போது இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து எடு. அவருக்குச் சுத்து நல்லாத் தெரியட்டும்."