ஜானவாசத்துக்கு ஒரு கார்

பம்பாயிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய புத்தம் புதுக் கார், வடக்கு மாட வீதித் திருப்பத்தில் ஓர் இருமல் இருமிவிட்டு நின்றுபோயிற்று. பின்பக்க மூடியைத் திறந்தால் விரிகிற டிக்கி ஸீட்டில், ஸூட்டும் கழுத்து கொள்ளாத மாலையுமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ரகுபதி எட்டி முன்பக்கம் பார்த்தான்.

நாயனக்காரர் எடுத்த ராகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். விடிந்தால் கல்யாணம், ஜானவாச ஊர்வலம் இன்னும் பாதித் தெருவைத் தாண்டவில்லை.

வாடகைக்குப் பிடித்த டிரைவர் கபாலி, வண்டியின் மூக்கில் செருகிய ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்து நிமிர்ந்தான்.

"இன்னா சாமி, வண்டி புச்சுன்னு சொன்னாங்க. சுத்திக்கினே கீறேன், மூச்சே காணோம்."

"புது எஞ்சின் அப்படித்தான். கொஞ்சம் சூடு தணியட்டும்," என்றான் ரகுபதி. சொல்லும்போதே காது மடல் சுட்டது.

புதுசாவது கிதுசாவது. ஓடித் தேய்ந்த சிவப்பு வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, மவுண்ட் ரோடு தரகர் ஷரஃபுதீன் அவன் தலையில் கட்டியது. நீண்ட மூக்கும் மடக்குக் கூரையுமாக, முன்னால் இரண்டே பேர் உட்காரும் ஒய்யார வண்டி. துரைமார்கள் 'கூப்பே' என்பார்கள். கதவைச் சற்றுத் தூக்கி முழங்காலால் இடித்தால்தான் திறக்கும். ஆனாலும் புது வக்கீலான ரகுபதி ஆசைப்பட்டு வாங்கிவிட்டான். ஆசைப்பட்டதில் தப்பில்லை; பெண் பார்க்கப் போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அன்று மாம்பலத்தில், பணம் போதாமல் மாடி பாதியில் நின்ற புது வீட்டு வாசலில், பெண்ணின் தகப்பனார் பஞ்சாபகேசய்யர் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கே வாங்கினேள்?" என்று மெல்லக் கேட்டார்.

வாசல் கதவுக்குப் பின்னால் பெண் ஜானு நிற்பது தெரிந்தது. "புதுசு. பம்பாய்லேர்ந்து வரவழைச்சேன்," என்று அளந்துவிட்டான் ரகுபதி. உள்ளே கலகலத்துக்கொண்டிருந்த வளையல் சத்தம் சட்டென்று நின்றது. அசந்துபோய்விட்டார்கள் என்று அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

கிளம்பும்போது பஞ்சாபகேசய்யரே முன்னால் போய்க் கார்க் கதவைத் தட்டுத் தடங்கலில்லாமல் திறந்துவிட்டார். வருங்கால மாமனார் தன் கையால் கதவு திறந்துவிட்டாரே என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டே வந்தான்.

பிறகு ஜானவாசப் பேச்சு வந்தது. கார் கொண்டுவர வேண்டியது பெண் வீட்டார் பாடு. "என் வண்டி ஒர்க்-ஷாப்பிலே கிடக்கு. மாப்பிள்ளை வண்டியையே கேக்கலாமோன்னு..." என்று பஞ்சாபகேசய்யர் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தார். ரகுபதியின் அம்மா முகத்தைச் சுளித்தாள். ரகுபதிதான் பெரிய மனது பண்ணி, "அதனாலென்ன மாமா," என்றான்.

அந்தப் பெரிய மனது இப்போது நடுத்தெருவில் நின்றது.

வண்டிக்கு என்ன கோளாறு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தினம் படுகிற பாடுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கிற கிண்ணத்துக்குள் மிதவை சிக்கிக்கொள்ளும்; சரியான இடத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. கபாலியிடம் சொல்லலாமென்றால், பக்கத்திலேயே நிற்கிற மாமனார் காதில் விழும். புதுக் காருக்கு ஏது இந்த வைத்தியம்? மாப்பிள்ளை புளுகன் என்று இன்றைக்கே ஜானுவுக்குத் தெரிந்துபோகும்.

"எல்லாரும் ஒரு கை குடுங்கோ, தள்ளிடலாம்," என்றார் கூட்டத்தில் யாரோ.

"மாப்பிள்ளை வண்டியைத் தள்றதாவது. நன்னாயிருக்கு," என்றாள் அம்மா, தெருவுக்கே கேட்கும்படி. "ஒரு காரைக் கொண்டுவர வக்கில்லாம, எம்பிள்ளையை இப்படிச் சந்தியிலே நிறுத்திட்டாளே பொண்ணாத்துக்காரா."

பஞ்சாபகேசய்யர் முகம் சுண்டிப்போயிற்று. தப்பு முழுக்கத் தன்னுடையது, ஏச்சு முழுக்க அவருக்கு. ரகுபதியை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் மாலையைக் கழற்றப் போனான்.

"நான் இறங்கறேன் மாமா. இந்த வண்டி..."

"மாப்பிள்ளை இறங்கப்படாது. அபசகுனம்," என்று பஞ்சாபகேசய்யர் அவன் கையைப் பிடித்து உட்கார்த்தினார்.

பிறகு மேல்வேஷ்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். கபாலியை விலகச் சொன்னார். பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கி, எதையும் தேடாமல் கையை உள்ளே விட்டு, மோதிர விரலால் டொக் டொக்கென்று இரண்டு தட்டு.

"இப்போ சுத்து."

ஒரே சுற்று. வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. நாயனக்காரர் பிழைத்தோமென்று உற்சாகமாக வாசிக்கத் தொடங்கினார்.

"சாமிக்கு எப்டி தெரிஞ்சுது?" என்று கபாலி கேட்டதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் பஞ்சாபகேசய்யர் டிக்கிப் பக்கம் வந்தார். மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார்.

ரகுபதிக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. "புதுசுன்னு சொன்னது பொய், மாமா. மன்னிச்சுடுங்கோ," என்றான் பூவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

அவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் வண்டி ஒர்க்-ஷாப்பிலே கிடக்குன்னு சொன்னேனே மாப்பிள்ளே, அது இதுதான்."