பச்ச விரலடையாளம்

“நிப்பாட்டுங்க மதினி. லீவு நாள், கடையெல்லாம் பூட்டு, கரண்டு எடுக்க ஆளில்ல. எல்லார்ர கூரைச் சோலாரும் சேந்து தள்ளினா லைன் தாங்காம ஊரே இருண்டுரும். சோலார நிப்பாட்டச் சொல்லி மெசேஜ் வந்திரிக்கி. நம்மட பெட்டரியும் நிறைஞ்சிட்டு.”

“ஒங்கட நானா போட்டது தம்பி. அது ஓடட்டும்.”

பஸ்லியாட புருசன்ட தம்பி றம்ஸீன் போன நீட்டிக்கிட்டு நிக்கிறான். நடுப்பகல் வெயில் முத்தத்து மணலக் காய்ச்சுது. செவுத்துல சோலார் பெட்டி வண்டு மாதிரி இரையிது. அதுட சுவிச்சில பச்சப் பெயின்ட் விரலடையாளம் ஒண்டு. பெயின்ட் அடிச்ச கையோட அவர் அதப் போட்டவர், அண்டைக்கி அசறுத் தொழுகைக்கி முந்தி கண்ண மூடி மவுத்தாகிட்டார். பொறவு ஆரும் தொடல்ல. பஸ்லியா மெசேஜ ஒருக்காப் பாத்துட்டு, முந்தானைய விரல்ல சுத்தி, அடையாளத்துல படாம மெதுவா அமத்துறா. இரைச்சல் அடங்குது. பெட்டரியில ஃபேன் மட்டும் சுத்துது, ஆணியில கெடக்கிற அவர்ர சட்ட அசையிது.

நீங்கெண்டா நிப்பாட்டுவீங்களா? கீழ எழுதுங்க.