மூன்றாவது கனெக்‌ஷன்

“வணக்கம், சொல்லுங்க மேடம், என்ன உதவி வேணும்?”

போனில் ‘சர்க்கரை’ இதைச் சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. இவனும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மேற்பார்வையாளர், ஆள் சோர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் ‘காது’ என்று பெயர். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதுதான் அவர் பிழைப்பு. இன்டர்நெட் கனெக்‌ஷன் வேண்டாம் என்று போன் செய்கிறவர்களை, வேண்டும் என்று சொல்ல வைப்பது இந்தப் பிரிவின் வேலை.

காலம் கெட்டுக் கிடந்தது. செலவைக் குறைக்க உட்கார்ந்தால் எல்லா வீட்டிலும் முதல் வெட்டு இன்டர்நெட்டுக்குத்தான். காது வீட்டிலும் இதே கனெக்‌ஷன், முழுக் கட்டணம். கம்பெனி ஆட்களாயிற்றே என்று ஒரு பைசா குறைப்பதில்லை. எடுத்துத் தொலையுங்கள் என்று அவர் மனைவியும் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு இனிக்கும் என்பதால் வந்த பெயர் சர்க்கரை. ஆனால் காலையிலிருந்து இவன் பேச்சு எடுபடவில்லை, இரண்டு பேர் கனெக்‌ஷனை எடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் மூன்று கனெக்‌ஷன் போனால் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பேசுகிறவன் பாதியில் போனை வைத்தாலும் ஒன்று போனதாகத்தான் அர்த்தம். போன வாரம் இரண்டு பேரை அப்படி அனுப்பிய பிறகு காதுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுமுனை ஒருவழியாக வாயைத் திறந்தது.

“கனெக்‌ஷனை எடுத்துடணும்... சார்.”

“காரணம் தெரிஞ்சுக்கலாமா மேடம்?”

“கட்டுப்படியாகல. வீட்டுக்காரருக்குச் சம்பளத்தப் பாதியாக் குறைச்சுட்டாங்க.”

பெயரும் முகவரியும் கேட்காமலே பேச்சை வளர்க்கிறான் என்று காது தாளில் குறித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் சர்க்கரை இப்படிக் கோட்டை விட்டதில்லை.

“வேற செலவு ஏதாவது குறைச்சுப் பாத்தீங்களா மேடம்?” இது எல்லாரிடமும் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

“குறைக்க இனி என்ன இருக்கு? பகல்ல ஃப்ரிட்ஜை அணைச்சுடறேன். ராத்திரி எல்லாரும் ஒரே ரூம்ல, ஒரே ஃபேனுக்கு அடியில படுக்கறோம். பசங்களுக்கு நானே முடி வெட்டறேன். பெரியவன் தொப்பி போட்டுக்கிட்டுத்தான் வெளியவே போறான்.”

காதுக்கு இதெல்லாம் கேட்டுப் புளித்த பாட்டு. அவரே இரண்டு பஸ் ஸ்டாப் தூரத்தை நடந்துதான் கடக்கிறார். அடுத்து சர்க்கரை பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆரம்பிப்பான், அந்தப் பெண் மனசு மாறிவிடுவாள் என்று எதிர்பார்த்தார்.

“சாப்பாட்டுல கை வைக்கலையே மேடம்?” என்றான் சர்க்கரை.

இது கம்பெனி எழுதிக் கொடுத்த பட்டியலிலேயே இல்லாத கேள்வி. காது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அவருக்கும் பசங்களுக்கும் குறை வைக்கல. நான்தான் ராத்திரி சாப்பிடறதில்ல. நாலு மாசமாச்சு. பசங்களோடயே சாப்பிட்டுட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடுவேன். அவரும் நம்பிடுவார், பாவம். மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல சார். போன்ல வருது.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சர்க்கரை குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘பேசுடா! படிப்பைச் சொல்லு, மூணு மாசம் பாதிக் கட்டணம்னு சொல்லு’ என்று காது உள்ளுக்குள் அடித்துக்கொண்டார்.

“எடுத்துடறேன் மேடம்,” என்றான் சர்க்கரை. குரல் உடைந்திருந்தது. “அந்தப் பணத்துல நீங்க ராத்திரி சாப்பிடுங்க.”

தீர்ந்தது. காது டிராயரைத் திறந்து, பெயர் மட்டும் எழுத வேண்டியிருந்த வேலைநீக்கக் கடிதத்தை வெளியே எடுத்தார். எவள் வீட்டுச் சாப்பாட்டுக்காகவோ தன் வீட்டுச் சோற்றில் மண்ணை அள்ளிப் போடுகிறானே, இவனை நம்பி ஒருத்தி வீட்டில் இருக்க மாட்டாளா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

“எடுத்தா உங்களுக்கு ஏதாவது பிரச்சினை ஆகுமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்.”

“பொய் சொல்லாதீங்க. குரலே சொல்லுது.”

சர்க்கரை தலையை நிமிர்த்திக் கண்ணாடித் தடுப்பைப் பார்த்தான்.

“இருக்கட்டும், எடுக்க வேண்டாம்,” என்றாள் அவள். “எப்படியாவது சமாளிச்சுக்கலாம்.”

காது கடிதத்தை உள்ளே தள்ளி டிராயரை இழுத்து மூடினார். அரை வயிற்றோடு கிடக்கிற ஒருத்தி, முகம் தெரியாத எவனோ ஒருவன் வேலையைக் காப்பாற்றிவிட்டாளே! இந்தக் காலத்திலும் இப்படி மனுஷர்கள் இருக்கிறார்கள் என்று வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டார்.

போனை வைப்பதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. சர்க்கரை தொண்டையைச் செருமிக்கொண்டு அதையும் கேட்டான்.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

“வேற ஒண்ணுமில்ல. நேத்து மாதிரி டிபன் பாக்ஸை அங்கயே விட்டுட்டு வந்துடாதீங்க.”